பட்டறைப் பக்கம்: தகடு பொருத்த எந்த றிவெற்?



சென்ற இதழில் தகரம் வெட்டுவது, மடிப்பது பற்றி எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு தொலைபேசியில் கேட்டவர்களும் சரி, கடிதம் போட்டவர்களும் சரி, எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வந்தார்கள். வெட்டிய தகட்டை எதனால் பொருத்துவது? ஸ்குறூவா, றிவெற்றா, வெல்டிங்கா? அவற்றில் ஒரு கடிதத்தை அப்படியே கீழே தருகிறேன். அவருக்குச் சொல்லும் பதில் மற்றவர்களுக்கும் உதவும்.

"தம்பி, நானும் மனுசியும் வார இறுதியில் கலியாண வீடு, பிறந்தநாள், அந்தியேட்டி என்று சமைத்துக் கொடுக்கிறோம். கிடாரம், காஸ் அடுப்பு, கதிரை எல்லாம் ஏற்ற நாலடிக்கு எட்டடி பழைய ட்றெயிலர் ஒன்று மலிவாகக் கிடைத்தது. சட்டம் நல்ல கோண இரும்பு. சுற்றிவர அடித்திருந்த பலகைதான் உக்கிப் போச்சு. அதைக் கழற்றிவிட்டு மெல்லிய அலுமினியத் தகடு அடிக்க யோசிக்கிறேன். கடைக்குப் போனால் றிவெற் என்று ஒரு சுவர் முழுக்கத் தொங்குது. எதை எடுக்கிறது? இல்லாட்டி வெல்டிங் தெரிந்த ஆளைப் பிடிக்கவா?"

அண்ணை, வெல்டிங் வேண்டாம். இரும்பையும் அலுமினியத்தையும் சாதாரண வெல்டிங்கால் ஒட்டவே முடியாது. அப்படி ஒட்டித் தருகிறேன் என்று சொல்லி ஒருவர் காசு கேட்டால் அவரிடம் இன்னொரு நாள் கேளுங்கள். ஒரு மில்லிமீற்றர் தகட்டில் பழகாத கை வைத்தால் ஓட்டைதான் விழும். அத்துடன், வாடகை வீட்டுக் கராஜில் நெருப்புப் பொறி பறக்க வேலை செய்வது வீட்டுக்காரரோடு பிரச்சினைக்கு வழி. றிவெற்றுக்குச் சூடும் இல்லை, புகையும் இல்லை. மெல்லிய தகட்டைச் சட்டத்தில் பிடிக்க அதுதான் சரியான சாமான். ஆனால் சரியானதை எடுக்க வேண்டும். நெடுஞ்சாலை 401இல் நூறு கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது ஒரு தகடு கழன்றால், அது பின்னால் வருகிறவரின் முன்கண்ணாடியில்தான் போய் விழும். ஆகவே இதை ஒரு சின்ன விஷயமாக எடுக்க வேண்டாம்.

முதலில் இது என்ன சாமான் என்று பார்ப்போம். றிவெற்றுக்குத் தமிழில் தறையாணி என்று பெயர். ஊரில் வாளியின் காதுகளைப் பாருங்கள், துலாக் கிணற்றுப் பட்டையைப் பாருங்கள், கத்திப் பிடியைப் பாருங்கள். ஆணியை ஒரு பக்கத்தால் விட்டு, மற்றப் பக்கத்தில் வந்த நுனியைச் சுத்தியலால் தட்டித் தலையாக்கி விடுவார்கள். பிறகு அது கழராது. பாரிசில் உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் பார்க்கும் ஈபெல் கோபுரமும் 1889இல் இந்த முறையில்தான் எழும்பியது. அதில் ஏறக்குறைய 25 இலட்சம் தறையாணி இருக்கிறது. அங்கே ஆணியைச் சிவக்கக் காய்ச்சி அடித்தார்கள், அது ஆறும்போது சுருங்கி இரண்டு தகட்டையும் இறுக்கிக்கொள்ளும்.

ஆனால் அந்த முறைக்குப் பின்பக்கம் ஓர் ஆள் வேண்டும். பின்பக்கம் கை போகாத இடத்துக்கு என்ன செய்வது? அதற்குத்தான் கடையில் தொங்குகிற பொப் றிவெற். பொப் என்பது உண்மையில் ஒரு வியாபாரப் பெயர். பொதுப் பெயர் பிளைன்ட் றிவெற், அதாவது குருட்டுத் தறையாணி. இதன் மூல யோசனைக்கு 1916இலேயே பிரித்தானியாவில் காப்புரிமை கேட்டிருக்கிறார்கள், விமானம் கட்டுகிறவர்கள் அதை வளர்த்தெடுத்தார்கள். அமைப்பு மிக எளிது. தலை வைத்த ஒரு சின்னக் குழாய். அதற்குள் ஒரு நீள ஊசி, ஊசியின் அடியில் ஒரு குமிழ். கடையில் ஊசியை மன்ட்றல் என்பார்கள். றிவெற் துப்பாக்கியால் ஊசியைப் பிடித்து இழுக்கும்போது அடிக் குமிழ் குழாயின் வாலை விரித்துக்கொண்டு மேலே வரும். தகடுகள் இறுகியதும் ஊசி தன் மெலிந்த இடத்தில் 'டக்' என்று முறியும். அந்தச் சத்தம் கேட்டால் வேலை முடிந்தது. இழுத்தது எல்லாம் முன்பக்கத்திலிருந்துதான், பின்பக்கம் யாரும் தேவையில்லை.

இனி கடைச் சுவருக்கு வருவோம். அங்கே நான்கு கேள்விக்குப் பதில் தெரிந்தால் போதும். எவ்வளவு தடிப்பு, எவ்வளவு நீளம், என்ன உலோகம், எப்படிப்பட்ட தலை. புதிதாய் வந்தவர்களைக் குழப்புவது முதல் இரண்டும்தான், ஏனென்றால் நாங்கள் பள்ளிக்கூடத்தில் மில்லிமீற்றர் படித்தவர்கள், இங்கே கடைக்காரர் அங்குலப் பின்னத்தில் கதைக்கிறார். மூன்று அளவைப் பாடமாக்குங்கள். 1/8 அங்குலம் என்றால் 3.2 மில்லிமீற்றர். 5/32 என்றால் 4.0. 3/16 என்றால் 4.8. வீட்டு வேலைக்கு இந்த மூன்றுக்கு வெளியே போகத் தேவை வராது. காற்றுக் குழாய், மூடி, சின்னப் பெட்டி இவற்றுக்கு 1/8. இழுபறி, அதிர்ச்சி உள்ள இடத்துக்கு 3/16. இடைப்பட்ட 5/32ஐ நான் அதிகம் பாவிப்பதில்லை. எங்கள் தொழிற்சாலையிலும் அந்தப் பெட்டிதான் தூசி பிடித்துக் கிடக்கும்.

நீளம்தான் ஆட்கள் பிழை விடும் இடம். "நீளமாய் இருந்தால் நல்லாய்ப் பிடிக்கும்தானே" என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. நீளம் கூடினால் வால் தகட்டுக்கு எட்டத்தில் விரிந்து, தகடு ஆடிக்கொண்டே இருக்கும். குறைந்தால் விரிய இடம் இல்லாமல் ஊசி முறிந்துவிடும், கொஞ்ச நாளில் றிவெற் கையோடு வரும். ஒவ்வொரு றிவெற்றுக்கும் பிடிக்கக்கூடிய ஆகக் குறைந்த தடிப்பும் ஆகக் கூடிய தடிப்பும் உண்டு. பெட்டியில் 'கிறிப் றேஞ்' என்று எழுதியிருக்கும். அந்தச் சொல்லை ஒரு துண்டில் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு கடையில் கேளுங்கள். உங்கள் தகடுகள் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்தால் வரும் மொத்தத் தடிப்பு அந்த இரண்டு எண்ணுக்கும் இடையில் விழ வேண்டும்.

பெட்டியில் 42, 43, 64 என்று இரண்டு இலக்கம் இருக்கும். அது மந்திரம் இல்லை. முதல் இலக்கம் விட்டம், அங்குலத்தின் முப்பத்திரண்டில் ஒரு பங்காக எண்ண வேண்டும். 4 என்றால் 4/32, அதாவது 1/8. 6 என்றால் 6/32, அதாவது 3/16. இரண்டாவது இலக்கம் ஆகக் கூடிய பிடி, இதை அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்காக எண்ண வேண்டும். 2 என்றால் 2/16, அதாவது 1/8 அங்குலத் தடிப்பு வரைக்கும். 4 என்றால் 1/4 அங்குலம் வரைக்கும். எங்கள் லைனில் புதிதாய்ச் சேர்ந்த ஒரு பொடியனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்த அன்று, மேற்பார்வையாளர் அவனைப் பெட்டிகள் அடுக்கும் வேலையிலிருந்து எடுத்துப் பொருத்தும் வேலைக்கு மாற்றினார். மணித்தியாலத்துக்குச் சில சதம் கூட.

தகட்டின் தடிப்பை 'கேஜ்' எண்ணை நம்பி எடுக்க வேண்டாம். எண் கூடக் கூடத் தகடு மெலியும் என்பது பலருக்குத் தெரியும். ஒரே கேஜ் எண்ணுக்கு இரும்பில் ஒரு தடிப்பு, அலுமினியத்தில் வேறு தடிப்பு என்பது பலருக்குத் தெரியாது. 20 கேஜ் சாதாரண இரும்புத் தகடு ஏறக்குறைய 0.91 மில்லிமீற்றர், நாகம் பூசியது 1.0, அலுமினியம் 0.81. ஓ.எல். விஞ்ஞானத்தில் வேணியர் இடுக்கிமானி படித்திருப்பீர்கள். நானும் அத்தோடு படிப்பை நிறுத்தியவன்தான், அன்று அது எதற்கென்று விளங்கவில்லை. இப்போது இலக்கத் திரை வைத்தது மலிவாகக் கிடைக்கிறது. ஒன்று வாங்கி வையுங்கள்.

அண்ணையின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கோண இரும்பு 1/8 அங்குலம், அதாவது 3.2 மில்லிமீற்றர். தகடு 1 மில்லிமீற்றர். மொத்தம் 4.2. இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் 5.2. 64 என்ற றிவெற் 3.2 தொடக்கம் 6.3 வரைக்கும் பிடிக்கும். ஆகவே இரண்டு இடத்துக்கும் ஒரே பெட்டி போதும். ஒரு விஷயம், கீழே நான் சொல்லப்போகிற மூடிய றிவெற்றுகளில் இந்த இலக்கக் கணக்குக் கொஞ்சம் மாறும். அதற்கு இலக்கத்தைப் பார்க்காமல் பெட்டியில் அச்சடித்த கிறிப் அளவையே பாருங்கள்.

இனி உலோகம். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நாங்கள் வாழ்வது உப்புப் போடுகிற நாட்டில்.

ஊரில் கடற்கரைப் பக்கம் வீட்டுத் தகரம் எப்படிப் போகும் என்று தெரியும். இங்கே கடல் இல்லாமலே அது நடக்கும். குளிர்காலம் முழுக்க வீதியில் உப்பு. சக்கரம் அடிக்கிற உப்புத் தண்ணீர் ட்றெயிலரின் ஒவ்வொரு இடுக்குக்குள்ளும் போய் உட்காரும். இரண்டு வேறு உலோகம் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீருக்குள் இருந்தால், அது ஒரு சின்ன மின்கலம். இரண்டில் ஒன்று மற்றதற்காகக் கரையும். அலுமினியமும் இரும்பும் சேர்ந்தால் கரைவது அலுமினியம். அலுமினியமும் சில்வரும் சேர்ந்தாலும் அலுமினியம்தான். இங்கே சில்வர் என்று நான் சொல்வது ஊரில் பாத்திரக் கடையில் சொல்லும் சில்வரை, அதாவது ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீலை. செம்போடு சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம். அலுமினியத்துக்குச் செப்பு றிவெற் ஒருநாளும் வேண்டாம்.

இதில் பருமனும் முக்கியம். கரைகிற உலோகம் பெரிதாகவும், கரைக்கிற உலோகம் சின்னதாகவும் இருந்தால் சேதம் பரந்து மெதுவாகப் போகும். மாறாக, பெரிய சில்வர்த் தகட்டில் சின்ன அலுமினிய றிவெற் அடித்தால் அந்த றிவெற் ஒன்றே முழுவதையும் தாங்கிக் கரையும். இரண்டு மூன்று குளிர்காலம் கழித்துப் பார்த்தால் வெள்ளை மாவு போலக் கிடக்கும், தலை நகத்தால் சுரண்டினாலே விழும். சாப்பாட்டு வண்டிகளுக்கு உள்ளே சில்வர்த் தகடு அடிக்கிறவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சில்வர்த் தகட்டுக்குச் சில்வர் றிவெற்றே.

மலிவுப் பைகளில் இருப்பது பெரும்பாலும் அலுமினியக் குழாயும் இரும்பு ஊசியும் சேர்ந்தது. குழாய் துருப்பிடிக்காது, ஆனால் ஊசி முறிந்த பிறகு அதன் துண்டு உள்ளே நின்றுவிடும். மழையில் அது துருப்பிடித்து, ஒவ்வொரு தலையிலிருந்தும் பழுப்பு நிறக் கண்ணீர் வடிந்த மாதிரித் தகட்டில் கோடு விழும். வீட்டுக்குள் பாவிக்க அது போதும். வெளியில் நிற்கிற சாமானுக்கு ஒன்றில் ஊசியும் அலுமினியமாக உள்ளதை எடுங்கள், அல்லது அடி மூடிய றிவெற்றை எடுங்கள். கடையில் 'குளோஸ்ட் என்ட்' என்று கேட்க வேண்டும். அதில் குழாயின் அடி அடைத்திருக்கும், தண்ணீர் ஊடாக வராது, ஊசித் துண்டும் கழன்று விழுந்து கிலுகிலுக்காது.

பலம் என்று பார்த்தால், 1/8 அங்குல அலுமினிய றிவெற் ஒன்று பக்கவாட்டு வெட்டுக்கு ஏறக்குறைய 120 இறாத்தல் தாங்கும். இரும்பு அதைப்போல இரண்டு மடங்கு, சில்வர் மூன்று மடங்குக்கும் மேலே. 3/16 அலுமினியம் எடுத்தால் ஏறக்குறைய 260 இறாத்தல். இதைப் பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் சில்வர் வாங்க ஓட வேண்டாம். தகடு ஒரு மில்லிமீற்றர் அலுமினியம் என்றால், றிவெற் முறிய முதல் தகடு கிழிந்துவிடும். தகட்டைவிட றிவெற் பல மடங்கு பலமாக இருப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை, விலையும் கை நோவும்தான் மிச்சம்.

கை நோவு என்றதும் இன்னொன்று. 3/16 சில்வர் றிவெற்றை ஒரு கையால் அமத்துகிற சாதாரணத் துப்பாக்கியால் இழுப்பது உடம்புக்குச் செய்கிற அநியாயம். எங்களில் பலர் எட்டு மணித்தியாலம் லைனில் நின்று மணிக்கட்டைத் தேய்த்துவிட்டு வருகிறவர்கள். 3/16 அலுமினியத்துக்கே, நூற்றுக்கணக்கில் என்றால், இரண்டு கையால் பிடித்து அமத்துகிற நீளக் கைத் துப்பாக்கி எடுங்கள். வாங்க வசதியில்லாவிட்டால் தெரிந்தவர்களிடம் ஒரு சனிக்கிழமைக்கு இரவல் கேளுங்கள்.

தலை விஷயம் சுருக்கமானது. வட்டக் கவிப்புத் தலை எல்லாவற்றுக்கும் போதும். பிளாஸ்ரிக், றப்பர், மிக மெல்லிய தகடு என்றால் அகன்ற தலை எடுங்கள். 3/16இல் அதன் அகலம் 5/8 அங்குலம் இருக்கும், இழுவையைப் பரப்பிவிடும். தாழ்ந்த தலை மெல்லிய தகட்டுக்கு ஆகாது, பள்ளம் தோண்டத் தகட்டில் சதை இல்லை.

அண்ணை, இனி உங்கள் ட்றெயிலர். தகட்டைச் சட்டத்துக்கு வெளியிலா உள்ளேயா அடிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் முதல் கேள்வி. வெளியில் அடித்தால் பார்வைக்கு அழகு. ஆனால் கிடாரம் சரிந்து தகட்டில் முட்டும்போது அந்த இடி முழுவதும் றிவெற்றைத் தலையோடு பிடுங்கப் பார்க்கும். றிவெற் பக்கவாட்டு வெட்டுக்குத்தான் கெட்டிக்காரன். அதோடு, தலைக்குக் கீழே இருக்கும் மெல்லிய தகடு தலையை விட்டுக் கிழிந்து போகும். உள்ளே அடித்தால் சாமான் முட்டும் போதெல்லாம் தகடு சட்டத்தில் போய்ச் சாயும், பாரத்தை இரும்பு வாங்கும், றிவெற்றுக்கு வேலையே குறைவு. இன்னொரு நன்மையும் உண்டு. றிவெற்றின் தலை மெல்லிய தகட்டுப் பக்கமும், விரிகிற வால் தடித்த இரும்புப் பக்கமும் வருவதுதான் முறை. உள்ளே அடிக்கும்போது அது தானாகவே அப்படி அமையும். வழவழப்பான தலை உள்ளே இருப்பதால் சாக்கும் கிழியாது.

எட்டடித் தகட்டை ஒரே துண்டாகப் போட வேண்டாம். அலுமினியம் சூட்டில் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளும். இங்கே தை மாதம் சைபருக்குக் கீழே 20, ஆடி வெயிலில் தகடு 40. அந்த 60 பாகை வித்தியாசத்துக்கு எட்டடி அலுமினியம் 3.4 மில்லிமீற்றர் நீளும், இரும்பு 1.8 மில்லிமீற்றர்கூட நீளாது. மிச்சம் எங்கே போகும்? தகடு நடுவில் புடைக்கும், அல்லது ஓரத்து றிவெற்றைப் பிடித்து ஆட்டி ஓட்டையைப் பெருப்பிக்கும். நாலடி நாலடியாக இரண்டு துண்டு போட்டு நடுச் சட்டத்தில் மேவவிடுங்கள். மேவும்போது பின் துண்டு உள்பக்கமாக முன் துண்டின் மேல் வரட்டும். சாமானைப் பின்னாலிருந்து முன்னுக்குத் தள்ளித்தானே ஏற்றுவீர்கள், அப்படி வைத்தால் கிடாரத்தின் விளிம்பு தகட்டு ஓரத்தில் கொழுவாது. கிடுகு வேயும்போது தண்ணீர் ஓடும் பக்கம் பார்த்து மேவுவோமே, அதே யோசனைதான்.

சட்டத்தைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, துரு தடுக்கும் பூச்சு இரண்டு முறை பூசிக் காயவிடுங்கள். முதல் நாளே செய்யுங்கள், ஈரப் பூச்சில் தகடு வைக்கக்கூடாது. இரும்பும் அலுமினியமும் நேரடியாகத் தொடாதபடி இடையில் ஒட்டு நாடா அல்லது சீலன்ற் ஒரு கோடு விடுங்கள். ஒவ்வொரு றிவெற்றையும் சீலன்றில் நுனி தொட்டுவிட்டு ஓட்டையில் வையுங்கள். நேரம் பிடிக்கும்தான், ஆனால் ஓட்டைக்குள் உப்புத் தண்ணீர் போகாமல் காப்பது அந்த ஒரு துளிதான். இப்படிச் செய்வதாக இருந்தால் நான் எடுப்பது 3/16 அலுமினியம், அடி மூடியது. அடியில் சக்கரத்துக்குப் பக்கத்து மூலைகளுக்கு மட்டும், விரும்பினால், சில்வர்.

ஓட்டை 3/16 பிற்றால் போட்டால் றிவெற் சிக்கும். கொஞ்சம் பெரிதாக வேண்டும். 3/16 றிவெற்றுக்கு 11ஆம் நம்பர் பிற் அல்லது 4.9 மில்லிமீற்றர். 1/8 றிவெற்றுக்கு 30ஆம் நம்பர் அல்லது 3.3 மில்லிமீற்றர். இந்த இரண்டு பிற்றையும் தனியாக ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள், அரை மில்லிமீற்றர் பெரிய ஓட்டையில் றிவெற் பிடிக்கவே பிடிக்காது. தகட்டையும் சட்டத்தையும் கவ்வியால் இறுக்கி இரண்டையும் ஒன்றாகத் துளையுங்கள். பிறகு கட்டாயம் கழற்றி, ஓட்டை ஓரத்துப் பிசிரை அரத்தால் எடுத்து, இடையில் கிடக்கும் இரும்புத் தூளைத் துடைத்துவிட்டுத் திரும்ப வையுங்கள். பிசிர் இருந்தால் தகடு இரண்டும் ஒட்டாது, ஒட்டாத இடைவெளியில் றிவெற்றின் வால் விரிந்து நிரந்தரமாய் நிற்கும். துளைக்க முதல் சட்டத்தின் பின்னால் விளக்கு வயர் ஓடுகிறதா என்று கையை விட்டுப் பாருங்கள்.

ஓட்டையின் நடு தகட்டு ஓரத்திலிருந்து றிவெற் விட்டத்தின் இரண்டு மடங்காவது உள்ளே இருக்க வேண்டும். 3/16க்கு அது 3/8 அங்குலம். அதைவிட ஓரமாய்ப் போனால் முத்திரை கிழிகிற மாதிரிக் கிழியும். ஒரு றிவெற்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் விட்டத்தின் மூன்று மடங்குக்குக் கிட்டப் போகக்கூடாது. உங்களுக்கு ஓரங்களில் மூன்று அங்குலத்துக்கு ஒன்று, நடுச் சட்டங்களில் நாலு அங்குலத்துக்கு ஒன்று போதும். இரண்டடி உயரம் என்று கணக்குப் பார்த்தேன். இரண்டு எட்டடிப் பக்கத்துக்கு 160, முன்னும் பின்னும் 96, இடைச் சட்டங்களுக்கு ஐம்பது என்று வைத்தால் ஏறக்குறைய 300 வரும். இருபது இருபதாய்த் தொங்குகிற பையில் வாங்கினால் காசு கரியாகும். ஆணி, போல்ற் மட்டும் விற்கும் மொத்தக் கடைகளில் பெட்டியாகக் கேளுங்கள், சாதாரண ஆட்களுக்கும் கொடுப்பார்கள்.

மூலைகளில் ஒவ்வொன்று, பிறகு நடுவில், பிறகு இடையை நிரப்புவது என்று போங்கள். ஒரு முனையிலிருந்து வரிசையாக அடித்துக்கொண்டு போனால் தகடு தள்ளுப்பட்டு மறுமுனையில் வந்து நெளியும். அடித்து முடிந்த றிவெற்றில் ஊசி தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தாலோ, விரலால் சுழற்றினால் தலை சுழன்றாலோ அது பிடிக்கவில்லை. எடுத்துவிட்டு வேறு அடியுங்கள். எடுப்பதற்கு, ஊசித் துண்டை ஒரு மெல்லிய ஆணியால் தட்டி வெளியேற்றி, அதே பிற்றால் தலையை மட்டும் துளைத்துச் சீவ வேண்டும். சட்டத்தின் ஓட்டை பெரிதாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி போடாமல் ட்றில் தொட வேண்டாம். முறிந்த ஊசிகளை அன்றன்றே காந்தத்தால் பொறுக்குங்கள், அலுமினிய ஊசி என்றால் தும்புத்தடியால் கூட்டுங்கள். கராஜில் சைக்கிள் ஓடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

றிவெற் தகட்டைத்தான் பிடிக்கும். ட்றெயிலரைக் காரோடு கொழுவும் பகுதி, சக்கர அச்சு, கிடாரத்தைக் கட்டும் வளையம் இவை ஒன்றும் றிவெற்றில் நிற்கக்கூடாது, அவற்றுக்குப் போல்ற்றும் சுரையும். சாமானைத் தகடு தாங்கும் என்று நினைத்துக் கட்டாமல் போகவும் வேண்டாம். ஒன்ராறியோவில் சுமையைச் சரியாகக் கட்டாமல் ஓடுவது சட்டப்படி குற்றம்.

வேலை தேடும் இளையவர்கள் இரண்டு பேர், இதைப் பழகினால் தகட்டு வேலைக்குப் போகலாமா என்று கேட்டிருந்தார்கள். தொழிற்சாலையில் பொருத்துகிற வேலைக்குப் போகலாம், கிறிப் றேஞ் தெரிந்தவனை அவர்கள் விரும்புவார்கள். ஆனால் கட்டிடங்களில் காற்றுக் குழாய் போடுகிற ஷீற் மெற்றல் வேலை ஒன்ராறியோவில் பதிவு கட்டாயமான தொழில், பயிலுநராகப் பதிந்துதான் செய்ய வேண்டும். 2022 தொடக்கம் அந்தப் பதிவைப் பார்ப்பது ஸ்கில்ட் ட்றேட்ஸ் ஒன்ராறியோ. முடித்தால் றெட் சீல் பரீட்சை எழுதி மற்ற மாகாணங்களிலும் வேலை செய்யலாம். வீட்டில் ட்றெயிலருக்கு அடித்ததைக் காட்டி அந்த வேலை எடுக்க முடியாது. கையில் பழக்கம் இருந்தால் பயிலுநராய் எடுக்கச் சொல்லிக் கேட்க வாய் வரும்.

கடைசியாக ஒரு சகோதரியின் கேள்வி. பேஸ்மென்றில் துணி காயவைக்கும் மெசினின் தகரக் குழாய் கழன்று கழன்று விழுகிறதாம், இவர் றிவெற் அடிக்கப் போகிறேன் என்று நிற்கிறாராம். அக்கா, அவரை மறியுங்கள். அந்தக் குழாய்க்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் எதிலும், ஸ்குறூ நுனியோ றிவெற் வாலோ, பஞ்சு போய்ச் சிக்கும். நாளாக நாளாகக் குழாய் அடைபடும். காய்ந்த பஞ்சும் சூட்டுக் காற்றும் சேர்ந்தால் நெருப்பு. அதற்கு உலோக நாடா இருக்கிறது, அலுமினியம் போயில் ரேப் என்று கேளுங்கள். சாம்பல் நிறத் துணி நாடா வேண்டாம், அது சூட்டில் காய்ந்து உரியும். மூட்டைத் துடைத்து, காற்று ஓடும் திசையில் ஒரு குழாய் மற்றதற்குள் போகும்படி செருகி, சுற்றிவர ஒட்டி, மெசின் பக்கத்து முனைக்கு ஒரு வளையக் கவ்வி போட்டு இறுக்குங்கள். மெசின் காஸில் ஓடுவதானால், குழாய் கழன்று விழும் நிலையில் அதை ஓடவிடவே வேண்டாம். அது நச்சுப் புகையையும் அந்தக் குழாயால்தான் வெளியே விடுகிறது. வீட்டுக்காரருக்குச் சொல்லி, உரிமம் உள்ள காஸ் வேலைக்காரரைக் கூப்பிடச் செய்யுங்கள். கரியோரொட்சைட்டு, அதாவது கார்பன் மொனொக்சைட்டைக் காட்டிக் கொடுக்கும் அலாரம் பேஸ்மென்றில் வேலை செய்கிறதா என்று இன்றைக்கே பொத்தானை அமத்திப் பாருங்கள்.

அடுத்த இதழில் மழுங்கின ட்றில் பிற்றைத் தீட்டுவது பற்றி எழுதுகிறேன். கேள்விகளை வழக்கம்போல ஆசிரியர் முகவரிக்கே அனுப்புங்கள்.